ஹார்லிக்ஸ் பாட்டிலும் மெட்ராஸ் மீன் காட்சியகமும்



பொங்கலுக்குப் பிறகு எதுவும் எழுதவில்லையே, உடம்பு சரியில்லையா என்று சிலர் போனில் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. திண்டிவனத்தில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே பேரனோடு சேர்ந்து ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னால் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

பேரன் கல்லூரியில் முதல் வருடம். வீட்டில் கடல் மீன் வளர்க்க வேண்டும், அதுவும் பவளப்பாறைத் தொட்டி மாதிரி அமைக்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் காசு சேர்த்தான். 100 லிட்டர் தொட்டி வாங்கினான். நண்பனோடு பைக்கில் மரக்காணம் போய் நாலைந்து நடையில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்தான். கல் அடுக்கி, மணல் போட்டு, மோட்டார் ஓடவிட்டான். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மறுநாளே சென்னைக்குப் போய் ஒரு கடையில் கோமாளி மீன் ஆறு வாங்கிவந்தான். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்டிருக்குமே, அதுதான்.

நாலாம் நாள் இரண்டு செத்தன. தண்ணீர் கெட்டுவிட்டது என்று பாதியை மாற்றினான். ஆறாம் நாள் இன்னும் இரண்டு. உடனே தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல், மணல், பில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் பளிச்சென்று கழுவி, மறுபடியும் மரக்காணம் போய்த் தண்ணீர் பிடித்துவந்து ஊற்றினான். பத்தாம் நாள் தொட்டியில் மீனே இல்லை.

"ஆயா, நான் எவ்வளவு சுத்தமா வெச்சிருந்தேன் தெரியுமா?" என்று கேட்டான். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வயதுப் பையன். அவன் கேட்ட கேள்வி எனக்குப் புதிதில்லை. இதையே முப்பது வருடத்துக்கு முன்னால் வேறு ஒரு பையன் என்னிடம் வேறு மாதிரி கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதில் தவறு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், கண்ணாடிக்குள் கடலை அடைக்க மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று பேரனுக்காகத் தேடிப் படித்ததை எழுதிவிடுகிறேன். வரலாறு என்றால் எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே பேச வரும், உங்களுக்குத் தெரியும்.

லண்டனில் ஆனா தின் என்று ஒரு அம்மையார். அவர் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரிய பொறுப்பில் இருந்த பாதிரியார். 1846 இல் இந்த அம்மையார் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போனபோது பாறையில் ஒட்டியிருந்த சிறிய கல் பவளங்களைப் பார்த்தார். ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்கே கொண்டுவந்துவிட்டார். ரயிலும் குதிரை வண்டியும் இருந்த காலம் அது. தினம் தினம் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? இருக்கிற தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. தண்ணீருக்குக் காற்று பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வேலைக்காரப் பெண்ணைத் திறந்த ஜன்னல் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் தண்ணீரை ஊற்றி ஊற்றி எடுக்கச் சொன்னார். நாம் டீ ஆற்றுகிற மாதிரிதான். அடுத்த வருடம் கடல் பாசியையும் சேர்த்தார். அந்தப் பவளங்கள் வருடக்கணக்கில் உயிரோடு இருந்தன. வீட்டுக்குள் கல் பவளம் வளர்த்த முதல் ஆட்களில் ஒருவராக அந்த அம்மையாரைச் சொல்கிறார்கள். டீ ஆற்றிய பெண்ணின் பெயரை நான் படித்த எதிலும் காணவில்லை.

அடுத்து ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்து தயாரிப்பவர்களின் சங்கத்தில் ரசாயன வேலை பார்த்தவர். 1850 இல் அவர் ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் சேர்த்து வைத்தார். மீன் விடுகிற கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும். செடி தருகிற ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும். அழுகிப்போன இலையை நத்தை தின்றுவிடும். தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்று ரசாயன அறிஞர்கள் சபையில் கட்டுரை வாசித்தார். ஐந்தாம் வகுப்பு அறிவியலில் நான் உங்களுக்குப் பலகையில் படம் போட்டு நடத்தினேனே, அந்தச் சுழற்சிதான்.

அதற்குப் பிறகு இங்கிலாந்தில் இது பெரிய மோகமாகிவிட்டது. 1853 இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டிடம் திறந்தார்கள். பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 1854 இல் இதற்கென்றே புத்தகம் எழுதினார். 'அக்வேரியம்' என்ற சொல்லை ஊரெல்லாம் சொல்லவைத்தவர் அவர்தான். கடலுக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகக் கறியுப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு நான்கையும் அளவாகக் கலந்து வீட்டிலேயே கடல் தண்ணீர் செய்துகொள்ள வழி சொன்னார். இன்று கடையில் விற்கிற கடல் உப்புப் பாக்கெட்டுக்கு முன்னோடி அது.

மோகம் வந்த வேகத்தில் வீட்டுக்கு வீடு தொட்டி வந்தது. கூடவே மீன்களும் செத்தன. என் பேரன் தொட்டியில் நடந்ததுதான். நன்றாக இருந்த தண்ணீர் திடீரென்று கலங்கும், நாறும், எல்லாம் போய்விடும். பெரும்பாலானவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

கைவிடாத ஒருவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். புத்தகம் பைண்டு செய்கிற இடத்தில் வேலை பார்த்தவர், பெரிய படிப்பு இல்லை. இந்த மோகத்தில் விழுந்து, லண்டனில் மீன் தொட்டிக்கடை வைத்தார். பிறகு 1864 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும், 1871 இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் பெரிய மீன் காட்சியகங்களை அமைத்தார். அவருடைய முறை இதுதான்: மக்கள் பார்க்கிற தொட்டியில் இருப்பதைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தரைக்கடியில் இருட்டுத் தொட்டியில் வைக்க வேண்டும். ராத்திரி பகல் நிற்காமல் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரை மாற்றக் கூடாது. பழைய தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்த முறை பலித்தது. ஏன் பலித்தது என்பதற்கு அவர் சொன்ன காரணம் ஓட்டம், காற்று, ஆக்சிஜன்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆனா தின் அம்மையார், வாரிங்டன், லாய்ட் மூன்று பேருமே மீனுடைய மூச்சைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அது தவறு இல்லை. ஆனால் மீன் மூச்சு மட்டுமா விடுகிறது? அதுவும் சாப்பிடுகிறது, கழிக்கிறது. அதன் செவுள் வழியாகவே அம்மோனியா வெளியேறுகிறது. போட்ட தீனியில் மிஞ்சியது அழுகினாலும் அம்மோனியாதான். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கொஞ்சமாக இருந்தால் வாடையும் தெரியாது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதே மீனைக் கொல்லும். கடல் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு 8.1, 8.2 இருக்கும். நம் ஊர் வெயிலில் சூடும் சேர்ந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகிவிடும்.

அந்த விஷம் எங்கே போகிறது என்பதற்கு விடை மீன் வளர்த்தவர்களிடமிருந்து வரவில்லை. சாக்கடையிலிருந்து வந்தது.

1877 இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கீழே வருகிற தண்ணீரைத் தினமும் சோதித்தார்கள். மேலே ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாற்றமும் இல்லை. சுமார் 20 நாள் கழித்து அம்மோனியா குறைய ஆரம்பித்து, அதற்குப் பதிலாக நைட்ரேட் வந்தது. மணலும் சுண்ணாம்பும் முதல் நாளிலிருந்தே அதே மணல், அதே சுண்ணாம்புதான். வெறும் ரசாயன மாற்றமாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்து குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியை விட்டார்கள். மாற்றம் நின்றுவிட்டது. மயக்க மருந்து கொடுத்தால் நிற்கிறது என்றால் உள்ளே வேலை செய்வது ஏதோ உயிர்! பிறகு கொஞ்சம் மண் கழுவிய நீரை ஊற்றினார்கள். மறுபடி வேலை தொடங்கியது.

இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றே சொல்லலாம். அந்த 20 நாளைப் பேரனின் பத்து நாளோடு வைத்துப் பாருங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த இடம் அடுத்து வருகிறது. பிரான்சுக்காரர்கள் சொன்னதைக் கேட்டு இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் ஒருவர் இதே வேலையில் இறங்கினார். வயல் மண்ணில் அம்மோனியா எப்படி நைட்ரேட் ஆகிறது என்று வருடக்கணக்கில் சோதித்தார். நம் ஊரில் கரும்புக்கு யூரியா போட்டால் மண்ணுக்குள் நடக்கிறதே, அதே விஷயம். இது ஒரே வேலை இல்லை, இரண்டு படி என்று அவர் கண்டார். ஒரு வகை உயிர் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, வேறு வகை உயிர் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீனும் நத்தையும் வைத்தாரே, அவருடைய சொந்த மகன்! அப்பா 1850 இல் அந்தத் தொட்டியைப் பற்றிக் கட்டுரை வாசித்தபோது இவருக்கு 11 வயது. அப்பா 1867 இல் இறந்துவிட்டார். தொட்டியை உண்டாக்கியவர் அப்பா. அந்தத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததை வயல் மண்ணில் கண்டவர் பிள்ளை. அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890 இல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அதைச் செய்து பெயர் வாங்கினார்.

லாய்டின் இருட்டுத் தொட்டி ஏன் பலித்தது என்பது இப்போது புரிகிறது. அதன் சுவர், கல், குழாய் எல்லாவற்றிலும் இந்த பாக்டீரியாக்கள் படர்ந்திருந்தன. 1871 இல் யாருக்கும் தெரியாமலே அவை வேலை செய்துகொண்டிருந்தன.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஆம்ப்தில் பிரபு மெட்ராஸ் கவர்னராக இருந்தபோது, 1905 இல், மெரினா கடற்கரையில் ஒரு கடல் மீன் காட்சியகம் கட்ட வேண்டும் என்று யோசனை சொன்னார். எழும்பூர் அருங்காட்சியகம்தான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி எழுதினாரே, அவரேதான். மன்னார் வளைகுடாவின் கடல் உயிர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். 1908 இல் அவர் பதவியை விட்டுப் போய்விட்டார். 1909 அக்டோபர் 21 ஆம் தேதி காட்சியகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே முதல் மீன் காட்சியகம் அது. பம்பாயில் தாராபோரவாலா காட்சியகம் வந்தது 1951 இல்தான். 1919 இல் மெட்ராஸ் காட்சியகம் மீன்வளத் துறையின் கைக்கு மாறியது.

என் அப்பா சிறுவனாக இருந்தபோது அவருடைய தாய்மாமன் அவரை மெட்ராஸ் அழைத்துப் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஜனங்கள் மெட்ராஸ் போனால் இரண்டு காலேஜ் பார்க்காமல் வர மாட்டார்கள். மியூசியம் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. இரண்டையும் பார்த்துவிட்டு மெரினாவுக்குப் போய் மீன் பார்த்ததாக அப்பா சொல்வார். "கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு மீன் நின்னுக்கிட்டு என்னையே பார்த்துச்சு. நான் நவுந்தா அதுவும் நவுந்துச்சு" என்று எழுபது வயதிலும் சொல்லிச் சிரிப்பார். அவர் அதைச் சொல்லும்போது கையையே மீன் மாதிரி வைத்துக் காட்டுவார்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. மெட்ராஸே காலியானது. மிருகக்காட்சி சாலையில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு பயத்தில் மீன் காட்சியகத்தையும் அந்த வருடம் மூடினார்கள். அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை. முப்பத்து மூன்று வருடம் ஓடிய தொட்டிகள். அத்தனை வருடம் பழகிய தண்ணீரை ஒரே நாளில் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மனிதர்களே ஊரைவிட்டு ஓடுகிறபோது மீனை யார் பார்ப்பார்கள் என்பதும் நியாயம்தான்.

சுதந்திரம் வந்த வருடமே, 1947 இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சீக்கிரமே அது மண்டபம் முகாமுக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போன நம் ஜனங்களை நோய் சோதிப்பதற்காக நிறுத்திவைத்த இடம் அது. 1971 இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் இன்றும் கிளை இருக்கிறது. கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் வேலையை அங்கேயும் செய்தார்கள், நமக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் செய்தார்கள்.

வீட்டில் பவளப்பாறைத் தொட்டி வைக்கிற வழியை வெள்ளைக்காரர்களுக்குக் காட்டியவர் ஆசியாக்காரர். ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். அவர் 1961 இல் ஒரு அமெரிக்க மீன் பத்திரிகையில் எழுதினார். அவரிடம் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கடல் தண்ணீர், சூரிய வெளிச்சம், கொஞ்சம் காற்றுக் குமிழி, அதோடு கடலிலிருந்து எடுத்த 'உயிருள்ள கல்'. கல்லுக்கு ஏது உயிர்? அதன் துளைகளில் இருக்கிற பாக்டீரியா, பாசி, புழுக்களுக்குத்தான் உயிர். எல்லோரும் தொட்டிக்குள் போடும் முன் கல்லைக் கொதிக்கவைத்து, பிளீச்சிங் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலத்தில், கழுவாதே என்று சொன்னவர் அவர்.

இனி பேரனின் தொட்டிக்குப் போவோம். படித்ததை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து என்னென்ன தப்பு என்று பார்த்தோம்.

முதல் தப்பு உங்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டாம் நாளே ஆறு மீன். பாக்டீரியா ஒன்றுகூட உருப்படியாகப் படரவில்லை. அதற்குள் ஆறு மீனின் கழிவு. அதற்கு மேல், செத்ததும் பயந்துபோய்க் கல்லையும் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் கழுவினான். நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். பத்து நாளில் ஒட்டிய கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் அதில் போய்விட்டது. ஷ்லோசிங் வேண்டுமென்றே குளோரோஃபார்ம் கொடுத்தார். இவன் தெரியாமல் குளோரின் கொடுத்தான்.

இரண்டாவது, உப்பு. நல்ல கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். இவன் தண்ணீர் பிடித்தது மழை முடிந்த சமயம். கழுவெளித் தண்ணீர் கடலில் சேர்கிற பக்கம். அங்கே உப்பு எவ்வளவோ குறைந்திருக்கும், சேறும் கலந்திருக்கும். அளந்து பார்க்கிற கருவி இவனிடம் இல்லை. பிறகு தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, கடல் தண்ணீரையே ஊற்றினான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 100 லிட்டரில் 3500 கிராம் உப்பு. 10 லிட்டர் ஆவியாகிப் போனால் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். அந்த 10 லிட்டருக்குக் கடல் தண்ணீரை ஊற்றினால் இன்னும் 350 கிராம் உப்பு சேரும். ஆக 3850. லிட்டருக்கு 38.5 கிராம். நாலு தடவை இப்படி ஊற்றினால் என்ன ஆகும்? "மரக்காணம் உப்பளத்துல பாத்திக்கு மேல பாத்தியா அதைத்தான்டா கண்ணு செய்யறாங்க. நீ வீட்டுல உப்பு வெளைய வெக்கிற" என்றேன். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தான். ஆவியாகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதுவும் திண்டிவனம் போர் தண்ணீர் வேண்டாம் என்று ஆர்.ஓ. கேன் தண்ணீர் ஊற்றுகிறோம். போர் தண்ணீரில் கரைந்திருக்கிற நைட்ரேட், சிலிக்கா எல்லாம் பாசிக்குத் தீனி.

மறுபடி தொடங்கினோம். கல், மணல், தண்ணீர் எல்லாம் போட்டு, மீன் இல்லாமல், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டோம். அது அழுகி அம்மோனியா ஆகும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. சோதனைத் திரவம் வாங்கி நான் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். பழைய மார்க் ரெஜிஸ்டர் மாதிரி கோடு போட்டு எழுதினேன். முதல் வாரம் அம்மோனியா ஏறியது. மூன்றாம் வாரம் அது இறங்க ஆரம்பித்து நைட்ரைட் ஏறியது. மகன் வாரிங்டன் சொன்ன அந்த இரண்டு படியும் திண்டிவனத்தில் ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது! நாலாம் வாரம் கல், மணல், கண்ணாடி எல்லாம் பழுப்பு நிறத்தில் படிந்து பார்க்கவே அருவருப்பாக ஆகிவிட்டது. பேரன் பிரஷ்ஷை எடுத்துவிட்டான். அது டயாட்டம் என்கிற நுண்பாசி, புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், சிலிக்கா தீர்ந்தால் தானே போகும் என்று படித்திருந்தேன். அவன் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மகளோ, "ஏம்மா, வீட்டுக்கு வர்றவங்க என்ன நெனப்பாங்க?" என்று ஒரு துணியைத் தொட்டிமேல் போட்டு மூடிவிட்டாள்.

இதற்கு நடுவே இன்னொரு சங்கதி. நண்பர்களோடு ராமேஸ்வரம் போகப் போவதாகவும், அங்கே யாரிடமாவது சொல்லி ஒரு பவளக் கல் எடுத்துவரப் போவதாகவும் பேரன் சொன்னான். லீ சின் எங் கதையை நானே சொல்லிக்கொடுத்த வினை. அன்றைக்கு அவனோடு கோபமாகவே பேசினேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. 1986 இல் அதைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல வருடம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தோம். 2001 இல் கல் பவளங்களை வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். போதாததற்கு 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போன வருடங்கள் வேறு. கடலிலேயே தாங்காத சூட்டை, சித்திரை வெயிலில் திண்டிவனத்து ஹாலில் எப்படித் தாங்கும்?

"அப்ப இதுக்குப் பேரு பவளப்பாறைத் தொட்டியே இல்லையே ஆயா" என்றான். இல்லைதான். காய்ந்த கல்லும், பண்ணையில் பொரித்த கோமாளி மீனும் உள்ள கடல் மீன் தொட்டி. அவனுக்கு அதில் வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ராமேஸ்வரம் போனான். கல் இல்லாமல்தான் வந்தான். எனக்குச் சங்கு ஒன்று வாங்கிவந்தான்.

ஆறாம் வாரம் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். துணியை எடுத்துப் பார்த்தால் பழுப்பும் பெரும்பாலும் போயிருந்தது. இரண்டே இரண்டு மீன் வாங்கிவந்து விட்டான். நான் கெடாருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறான். இரண்டும் நன்றாக இருக்கின்றன.

இப்போது அந்தப் பழைய கதை. 1994 என்று நினைக்கிறேன், ஐந்தாம் வகுப்பு. உயிருள்ளவை பாடம். ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மூன்றாம் வரிசையில் உட்காருகிற ஒரு பையன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏரித் தண்ணீர் பிடித்து, அடியில் கொஞ்சம் வண்டல், ஒரு கொத்துப் பாசிக்கொடி, இரண்டு கெண்டைக் குஞ்சு போட்டு எடுத்துவந்தான். ஜன்னல் ஓரம் வைத்தோம். ஒரு வாரம் நன்றாக இருந்தது. மறுவாரம் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்றார்கள். பாட்டில் பச்சைப் படிந்து அழுக்காக இருப்பதாக எனக்குப் பட்டது. கழுவச் சொன்னேன்.

"வேணாம் டீச்சர், ஏரித் தண்ணிதான் அதுக்கு நல்லது" என்றான்.

வகுப்பு முன்னால் அவனைத் திட்டினேன். சோப்புத் தூள் போட்டுத் தேய்க்கச் சொல்லி, வண்டலையும் பாசியையும் கொட்டச் சொல்லி, கைப்பம்புத் தண்ணீர் நிரப்பச் சொன்னேன். பாட்டில் பளபளவென்று ஆயிற்று. அதிகாரி வந்தபோது பாராட்டினார். இரண்டு நாளில் மீன் இரண்டும் செத்து மிதந்தன. "நீ சரியாகக் கவனித்துக்கொள்ளவில்லை" என்று அதற்கும் அவனையே திட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. "அப்புறம் ஏன் டீச்சர் ஏரியில மட்டும் சாவல?" என்று மட்டும் கேட்டான். உட்காரச் சொல்லிவிட்டேன்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவன் அப்பா ஏரியில் வலை போடுவார். ஆறாம் வகுப்புக்கு மேல் அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தகவல் இல்லை. அந்த வருடம் அவனோடு படித்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் எங்கே இருந்தாலும் டீச்சர் நம்பரைக் கொடுங்கள். அவன் அன்றைக்குச் சொன்னது சரி, நான் திட்டியது தப்பு என்று அவனிடம் நேரில் சொல்ல வேண்டும். அப்படியே, திண்டிவனம் பக்கம் வந்தால் பேரனின் தொட்டியையும் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் பின்பக்கம் கொஞ்சம் பச்சைப் படிந்திருக்கிறது. பேரனிடம் அதைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.